5 கட்டையில் பாடுபவருக்கு எந்த கிட்டார்?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது:

"வணக்கம் ஐயா. எனக்கு வயது 43. பள்ளி நாள்களில் எட்டு ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்றேன். 5 கட்டையில் பாடுவேன். நானே வாசித்துக்கொண்டு பாட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. உடன் வேலை செய்யும் தோழி தன் பழைய கிட்டாரை 80 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். ஸ்டீல் தந்தி போட்ட பெரிய கிட்டார் அது. பத்து நிமிடம் மடியில் வைத்திருந்தால் வலத் தோள் வலிக்கிறது. என்னால் 350 வெள்ளி வரை செலவிட முடியும். ஸ்டீல் தந்தியா, நைலான் தந்தியா? சுருதி சேர்க்கக் கைப்பேசிச் செயலி போதுமா, தனியாக டியூனர் வேண்டுமா? இன்னொரு சந்தேகம். செயலியில் பச்சை விளக்கு எரியும்வரை சுருதி சேர்த்த பிறகும் இரண்டாம் தந்தி சற்று ஏறி நிற்பதாகவே என் காது சொல்கிறது. தவறு என் காதிலா, கிட்டாரிலா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் இப்படி ஒரு கேள்வியைப் பார்த்து வெகுநாளாயிற்று. உங்கள் காதில் தவறில்லை. கிட்டாரிலும் தவறில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்கில் சுருதி சேர்ந்தவை.

கிட்டாரின் மூன்றாம் தந்தி ஜி, இரண்டாம் தந்தி பி. உங்கள் மொழியில், அதாவது பாடுபவரின் ஆதார சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில், ஜி என்பது 5 கட்டை. அதை ஷட்ஜமாக (ஸ) வைத்தால் பி அதன் அந்தர காந்தாரம் (க). தம்புராவை நன்றாக மீட்டினால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அந்த நாதத்திலிருந்து தானாக எழும் அல்லவா? சுயம்பு காந்தாரம் என்பார்கள். எட்டு ஆண்டுகள் உங்கள் காதில் பதிந்தது அதுதான். ஷட்ஜம் நான்கு முறை அதிரும் நேரத்தில் அந்தக் காந்தாரம் ஐந்து முறை அதிரும். ஜி தந்தி நொடிக்கு 196 முறை அதிர்கிறது. அந்தக் கணக்கில் பி 245 இருக்க வேண்டும். உங்கள் செயலியோ 246.9 வந்தால்தான் பச்சை விளக்கு காட்டும். ஒரு அரைச் சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 14 பங்கு. உங்கள் காது பிடித்திருப்பது அந்த 14 பங்கைத்தான்.

எட்டுச் சுரக் கூட்டை, அதாவது ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையுள்ள இடைவெளியை, பன்னிரண்டு சமப் பங்குகளாக வெட்டி, கழுத்தில் ஃபிரெட் என்ற உலோகப் பட்டைகளைப் பதித்த வாத்தியம் கிட்டார். எந்தக் கட்டையிலும் வாசிக்கலாம் என்ற வசதிக்காக ஒவ்வொரு கட்டையிலும் காந்தாரத்தை சிறிது விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். "அப்படியானால் இரண்டாம் தந்தியை என் காதுக்கு ஏற்ற மாதிரி 245க்கு இறக்கிவிடுகிறேன்" என்று தோன்றும். தயவுசெய்து இறக்காதீர்கள். இறக்கினால் ஜி கார்டு, அதாவது ஜியை ஆதாரமாகக் கொண்டு பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, தேனாக இனிக்கும். அடுத்து சி கார்டைப் பிடிக்கும்போது அதே இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில்தான் சி சுரம் இருக்கிறது. ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் இன்னொரு சி ஒலிக்கும். கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் ஒட்டாமல் இழுபறியாக நிற்கும். காந்தாரம் சிறிது ஏறினால் காது பழகிக்கொள்ளும், ஷட்ஜம் பிசகினால் ஒருநாளும் பழகாது. எனவே தந்திகளை டியூனர் சொல்கிறபடி வையுங்கள். காந்தாரத்தின் அழகை உங்கள் குரலில் கொண்டுவாருங்கள். பாடும்போது குரல் தானாகவே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும்.

உங்கள் காதுக்கு வேறொரு பெரிய வேலை இருக்கிறது. ஆறாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தினால் வரும் சுரமும் அழுத்தாத ஐந்தாம் தந்தியும் ஒன்றே. ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று, அதே முறை. மூன்றாம் தந்தியில் மட்டும் நான்காம் ஃபிரெட்டை அழுத்தினால் இரண்டாம் தந்தியின் சுரம் வரும். பிறகு இரண்டிலிருந்து முதல் தந்திக்கு மீண்டும் ஐந்தாம் ஃபிரெட். இரண்டையும் சேர்த்து ஒலிக்க விட்டால், சேராதபோது ஒலி அலைஅலையாக ஏறி இறங்கும். சேரச் சேர அந்த அலை மெதுவாகி, ஒரு கணத்தில் நின்றுவிடும். புதிதாக வரும் மாணவர்களுக்கு அந்த அலையைக் கேட்கவே பல வாரங்கள் ஆகும். உங்களுக்கு முதல் நாளே கேட்கும்.

நினைவில் நிற்பதற்காக ஆறு தந்திகளையும் கட்டைக் கணக்கில் தருகிறேன். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை: 3 கட்டை, 6 கட்டை, 2 கட்டை, 5 கட்டை, 7 கட்டை, மீண்டும் 3 கட்டை. ஆங்கில எழுத்தில் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.

நீங்கள் 5 கட்டையில் பாடுபவர் என்பது கிட்டாருக்கு எவ்வளவு வசதி தெரியுமா? ஷட்ஜம், மத்திமம், பஞ்சமம் மூன்றையும் ஆதாரமாகக் கொண்ட கார்டுகள் ஜி, சி, டி. எந்த ஆசிரியரிடம் போனாலும் முதல் மாதத்தில் கற்றுத்தருகிற கார்டுகள் இவைதான். குரல் ஒருநாள் 5½ கட்டை கேட்டால் காப்போ என்ற இடுக்கியை முதல் ஃபிரெட்டில் மாட்டிவிட்டு அதே விரல் பிடிகளை வாசிக்கலாம். 6 கட்டைக்கு இரண்டாம் ஃபிரெட். டியூனருக்கு அடுத்து உங்களுக்கு மிகவும் பயன்படப்போகும் பொருள் அந்தக் காப்போதான். ஃபிரெட்டின் உலோகப் பட்டைக்கு மிக அருகில், அதன் தலைப்பக்கமாக மாட்டுங்கள். நடுவில் மாட்டினால் தந்தி வளைந்து சுருதி ஏறிவிடும்.

இனி டியூனர். செயலி மோசமில்லை. அமைதியான அறையில் சரியாகவே காட்டும். ஆனால் அது மைக் வழியாகக் கேட்கிறது. மின்விசிறி, தொலைக்காட்சி, சமையலறைக் குழாய், எதிரே போகும் எம்ஆர்டி ரயில் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கும். தடித்த ஆறாம் தந்தி நொடிக்கு 82 அதிர்வுதான். அவ்வளவு தாழ்ந்த ஒலியில் கைப்பேசியின் சிறிய மைக் சில நேரம் தடுமாறும். கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்ளும் கிளிப் டியூனர் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வையே உணர்கிறது. பக்கத்தில் பத்துப் பேர் வாசித்தாலும் அதற்குக் கவலையில்லை. 20 வெள்ளிக்குள் நல்லதாகவே கிடைக்கும். அதையே வாங்குங்கள். கைப்பேசி தூர இருந்தால் பயிற்சியும் நன்றாக நடக்கும் என்பது என் அனுபவம்.

டியூனரில் ஏ சுரத்தின் அளவு 440 என்று இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். பைக்குள் கிடக்கும்போது பொத்தான் அழுந்தி அது 438, 445 என்று மாறிவிடும். எல்லாத் தந்தியும் பச்சை காட்டும், சுருதிப் பெட்டியோடு மட்டும் சேராது. அடுத்து, டியூனர் சுரத்தின் பெயரைச் சொல்லுமே தவிர, அது எந்த ஸ்தாயி என்று பெரும்பாலும் சொல்லாது. தந்தி மிகவும் தளர்ந்திருந்தால், பெயர் வரும்வரை என்று திருகிக்கொண்டே போய் அறுத்துவிடுபவர்கள் உண்டு. மெல்லிய முதல் தந்தி அறுந்தால் முகத்தில் அடிக்கும். பக்கத்துத் தந்தியோடு ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டே ஏற்றுங்கள்.

சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏறி வாருங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் குமிழின் பற்சக்கரத்தில் தளர்வு மிச்சமிருக்கும், தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட் என்ற பட்டையின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொண்டிருக்கும். இரண்டு கார்டு அடித்ததும் அது நழுவி, சுருதி இறங்கிவிடும். பலர் "என் கிட்டாரில் சுருதி நிற்கவில்லை" என்று கொண்டுவரும் குறையில் பாதி இதுதான். தந்தியைக் கட்டைவிரல் சதையால் மெதுவாக மீட்டுங்கள். ஓங்கி மீட்டினால் முதலில் சுருதி ஏறிக் காட்டி, பிறகு இறங்கும்.

விருப்பமிருந்தால் ஒரு சுருதிக் கவையும் வாங்கிக்கொள்ளுங்கள். 1711இல் இங்கிலாந்தில் ஜான் ஷோர் என்ற எக்காளக் கலைஞர் உருவாக்கியது. பேட்டரி வேண்டாத கருவி. முழங்காலில் தட்டி அதன் காம்பைக் கிட்டார் உடலில் ஊன்றினால் 440, அதாவது 6 கட்டை, மரம் முழுவதும் பரவும். ஐந்தாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல், விரலை இலேசாகத் தொட்டு மீட்டி எடுத்தால் மணி போல் எழும் ஒலியும் அதே 440. இரண்டும் ஒன்றாகும் அந்த நொடி எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

ஸ்டீலா, நைலானா? நைலான் தந்தி விரலுக்கு மென்மை. ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. ஸ்டீலில் அது 70 கிலோவைத் தாண்டும். ஆனால் நைலான் கிட்டாரின் கழுத்து நட் அருகே 52 மில்லிமீட்டர் அகலம், ஸ்டீல் கிட்டாரில் 43 அல்லது 44. சிறிய கைக்கு அந்த எட்டு மில்லிமீட்டர் பெரிய தூரம். பாட்டுக்குத் துணையாகத் தட்டி வாசிக்கவே நீங்கள் விரும்புவதால் ஸ்டீல் தந்தியைத்தான் சொல்வேன். ஆனால் தோழியிடம் இருப்பது போன்ற டிரெட்நாட் என்ற பெரிய உடல் வேண்டாம். தோள் வலிக்கிறது என்று உடம்பே பதில் சொல்லிவிட்டது. கான்சர்ட் என்ற சிறிய உடல் உள்ளதைக் கேளுங்கள். 12 எண் தந்தி இருந்தால் கழற்றி, அதைவிட மெல்லிய 11 அல்லது 10 எண் தந்தி போடச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் நைலான் கிட்டாரில் ஸ்டீல் தந்தி மாட்டாதீர்கள், உடலில் தந்திகளைப் பிடித்திருக்கும் குதிரை என்ற கட்டை பிய்ந்து வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. தந்தி ஃபிரெட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பது.

எனக்குப் பதினான்கு வயதில் அப்பா கிட்டார் வாங்கித்தந்தார். கப்பல் பட்டறையில் மூன்று மாத ஓவர்டைம் காசு. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து அப்படியே கொடுத்தார். தந்திகள் ஃபிரெட்டிலிருந்து விரல் நுழையும் உயரத்தில் நின்றன. எஃப் கார்டைப் பிடிக்க முயன்று விரல் நுனியில் தோல் உரிந்தது. நம் கைக்குச் சங்கீதம் வராது போலிருக்கிறது என்று நினைத்து, அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு தீபாவளிக்கு வந்த மாமா அதை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். நட்டின் பள்ளங்களை அரத்தால் ஆழமாக்கினார். குதிரையில் இருக்கும் வெள்ளைப் பட்டையை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, திரும்பச் செருகினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று மாலையே எஃப் கார்டு ஒலித்தது. என் தொழில் அந்த அரை மணியில்தான் தொடங்கியது. அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. எத்தனை பேர் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்து விட்டுவிட்டார்களோ!

ஆகவே கடைக்குப் போகும்போது சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் ஒன்றை எடுத்துப்போங்கள். இப்போதைய நாணயத்தின் தடிமன் 2.5 மில்லிமீட்டர். கிட்டாரைச் சுருதி சேர்த்த பிறகு, பன்னிரண்டாம் ஃபிரெட்டின் உலோகப் பட்டைமேல், தடித்த ஆறாம் தந்திக்கு அடியில் அந்த நாணயத்தைப் படுக்க வைத்து நுழையுங்கள். தந்தியை இலேசாகத் தொட்டுக்கொண்டு நுழைந்தால் உயரம் சரி. நாணயத்துக்கு மேல் இன்னும் அதே அளவு இடைவெளி தெரிந்தால் அந்தக் கிட்டார் உங்கள் விரலை நோகடிக்கும். செட்டப், அதாவது தந்தி உயரத்தைச் சீராக்கும் வேலை, செய்து இறக்கித்தர முடியுமா என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்காவது கரகரக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக, பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் விரலைத் தொட்டு எழுப்பும் மணி ஒலியும், அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், திறந்த தந்திகளை எவ்வளவு சேர்த்தாலும் மேலே போகப் போகச் சுருதி பிசகும். இந்தச் சோதனையில் உங்கள் காதை ஏமாற்ற எந்தக் கடையாலும் முடியாது.

தோழியின் கிட்டாரிலும் இதே சோதனைகளைச் செய்து பார்க்கலாம், யாராவது வாங்கிக்கொள்ள உதவும். கூடவே, குதிரையின் பின்விளிம்பில் ஒரு காகித முனையைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. குதிரையில் வெள்ளைப் பட்டை ஏற்கெனவே மிகவும் தாழ்ந்திருந்தும் தந்தி உயரமாக நின்றால் கழுத்தின் கோணமே மாறிவிட்டது. அதைச் சரிசெய்யும் கூலி 80 வெள்ளியைவிடப் பல மடங்காகும்.

முழு மரப் பலகையா, ஒட்டுப்பலகையா என்று கடையில் பேச்சு வரும். முழுப் பலகையில் நாதம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் நாம் வசிப்பது சிங்கப்பூரில். அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். கிட்டார்கள் 45 முதல் 55 விழுக்காடு ஈரத்துக்காகச் செய்யப்படுபவை. ஈரத்தைக் குடித்த பலகை குதிரைக்குப் பின்னால் வயிறு போல உப்பும், தந்தி உயரும். இரவெல்லாம் படுக்கையறை ஏர்கான், பகலெல்லாம் திறந்த சன்னல் என்றால் மரம் தினமும் சுருங்கி விரியும். மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை இதையெல்லாம் நன்றாகத் தாங்கும். முதல் கிட்டாருக்கு ஒட்டுப்பலகையே போதும் என்று தயங்காமல் சொல்வேன். யமஹாவின் எஃப்310 அப்படிப்பட்டது, ஆனால் உடல் பெரியது. எஃப்எஸ்800 உங்களுக்கு ஏற்ற சிறிய உடல், மேற்பலகை முழு மரம். கையில் எடுத்துப் பார்த்து அது மனத்தில் ஒட்டிக்கொண்டால் வாங்குங்கள், ஆனால் உறைக்குள் சிலிக்கா ஜெல் பையும் சிறிய ஈரமானியும் போட்டு, ஒரே அறையில் வைத்துப் பராமரிக்க வேண்டும். எதுவானாலும் சமையலறைச் சுவரில் மாட்டாதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். வாசித்து முடித்ததும் தந்திகளைப் பருத்தித் துணியால் துடையுங்கள். வியர்வையும் நம் ஊர்க் காற்றும் சேர்ந்து ஸ்டீலைச் சீக்கிரம் துருவாக்கும்.

350 வெள்ளியை நான் இப்படிப் பிரிப்பேன்: கிட்டாருக்கு 235, செட்டப்புக்கு 60, டியூனர் 20, காப்போ 20, மாற்றுத் தந்தி 15. செட்டப்பை விலைக்குள் சேர்த்தே தரும் கடை கிடைத்தால் அந்த 60ஐக் கிட்டாரில் போடுங்கள். அழகான மரம், பளபளப்பான பூச்சு என்று செட்டப் காசைத் தின்றுவிடாதீர்கள்.

நகர மண்டபம் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் நடக்கும் தூரம். அங்கிருந்து சிறிது நடந்தால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். இரண்டிலும் வாத்தியக் கடைகள் உண்டு. ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்துத்தரச் சொல்லி ஒவ்வொன்றையும் மடியில் வைத்துப் பாருங்கள். வார நாளில் முற்பகலில் போனால் கூட்டமில்லாமல் நிதானமாகக் கேட்கலாம். வாசிக்கத் தெரியாது என்று கூச வேண்டாம். ஜி தந்தியை மீட்டி அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு ஷட்ஜம் பாடுங்கள். உங்கள் குரலுக்குக் கீழே எந்தக் கிட்டார் பாய் விரித்தாற்போல் அமைகிறதோ அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

போவதற்கு முந்தின நாள் இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். நகம் நீண்டிருந்தால் தந்தியை நேராக அழுத்த முடியாது, நல்ல கிட்டாரும் கரகரக்கும்.